இடிக்கக் காசில்லாத ஊர்

2024 ஜூன்ல டெட்ராய்டோட பழைய ரயில் நிலையம், மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷனை மறுபடி திறந்தப்போ இந்தப் பக்கம் இருக்கற எல்லாரும் போனாங்க, நானும் போனேன், அண்ணாந்து பாத்து வாயப் பொளந்தேன், ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போட்டேன். அது வரைக்கும் ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா அன்னைக்கு லைன்ல முன்னாடி நின்னவங்க, டிவில பேட்டி குடுத்தவங்க, அடுத்த வாரம் ஆபீஸ்ல காபி எடுக்க வந்தவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப ஒண்ணயே சொல்லிட்டு இருந்தாங்க, நம்ம ஊர் தன் கட்டடத்த கைவிடல, காப்பாத்திடுச்சுன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, நானும் தலையாட்டினேன், ஆனா எங்கயோ இடிச்சுது. முப்பது வருஷம் காலியா, அதுல பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி கூட இல்லாம, ஒரு பக்கம் நின்னு பாத்தா மறுபக்க வானம் தெரியற நிலமைல கெடந்த கட்டடம் அது. அத்தனை வருஷம் அத காப்பாத்தினது யாரு?

டெட்ராய்ட் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, பாழடஞ்ச வீடு, மரம் மொளச்ச ஃபேக்டரி, அந்த யூட்யூப் வீடியோவ ஊர்லேர்ந்து உங்க சித்தப்பாவும் அனுப்பியிருப்பாரு, எங்க சித்தப்பாவும் அனுப்பினாரு. நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ், கேன்டன், ட்ராய்னு சுத்துவட்டாரத்துல கார் கம்பெனிய நம்பிப் பொழைக்கறோம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி அக்கரைல தெரியறது கனடான்னு காட்டுவோம், திரும்பி வந்துருவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். டவுன்டவுன்ல எந்தக் கட்டடம் எதுன்னே தெரியாது, வழில வந்தா பாக்கறதோட சரி.

சரி, ஸ்டேஷனுக்கு வரேன். 1913ல திறந்தது. நியூயார்க்ல கிராண்ட் சென்ட்ரல் டிசைன் பண்ண அதே ரெண்டு கம்பெனி ஆளுங்கதான் இதையும் பண்ணாங்க. முன்னாடி ரோமானியக் குளிமண்டபங்களப் பாத்துக் கட்டின பெரிய காத்திருப்புக் கூடம், அதுக்குப் பின்னாடி 18 மாடி ஆபீஸ் டவர். வேடிக்கை என்னன்னா அத டவுன்டவுன்ல கட்டல, கொஞ்சம் தள்ளி கார்க்டவுன் பக்கம் கட்டினாங்க, ஊர் இந்தப் பக்கம் வளர்ந்து வந்து சேந்துரும்னு கணக்கு. வரவே இல்ல. மேல் மாடிங்கள்ல சிலது கடைசி வரைக்கும் முழுசா உபயோகத்துக்கே வரல. ஜனங்க ட்ராம்ல வருவாங்க ரயில்ல போவாங்கன்ற நெனப்புல பெருசா பார்க்கிங்குக்கு இடமும் விடல. உலகத்துக்கே கார் செஞ்சு குடுக்கப்போற ஊர்ல, கார் நிறுத்த இடமில்லாம ஒரு ஸ்டேஷன். 1988 ஜனவரில கடைசி ரயிலும் போயிடுச்சு.

அதுக்கப்பறம் நடந்தது கொள்ளைதான். செம்புக் கம்பி, பித்தளை, மார்பிள், லைட்டு, கடிகாரம்னு எது கழண்டு வந்துச்சோ அது போச்சு. மழையும் பனியும் உள்ள எறங்கி, குளிர்ல உறைஞ்சு, வெயில்ல உருகி, கல்லுக்கு நடுவுல இருக்கற சுண்ணாம்பெல்லாம் வாய பொளந்துச்சு. 2009ல டெட்ராய்ட் நகர சபை ஓட்டுப் போட்டு இடிச்சிடலாம்னே தீர்மானம் போட்டாங்க. தீர்மானம் போட்டாச்சு, இடிக்கல. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாரு, செலவ யாரு தலைல கட்டறதுன்னு சண்ட, அதுக்குள்ள 2013 ஜூலைல ஊரே திவால். இவ்ளோ பெரிய ஊர், சொந்தமா மஞ்சக் கடுதாசி குடுத்துச்சு. அப்படியே இருந்துட்டிருந்தத 2018ல ஃபோர்டு வாங்கி, ஆறு வருஷம் வேலை பாத்து, அடித்தளத்துல தேங்கின தண்ணிய மட்டும் 35 லட்சம் காலன் எறைச்சு வெளிய ஊத்தி, ஊறிப்போன சுவத்த காய வெச்சு, கூரைல இருக்கற சுமார் 29,000 ஓடுங்களையும் ஒவ்வொண்ணா பரிசோதிச்சு திருப்பிக் குடுத்துருக்காங்க. அந்தக் கூரைக்குக் கீழ கம்பியும் கிடையாது, தாங்கற உத்தரமும் கிடையாது. மெல்லிசா இருக்கற ஓடுங்கள அடுக்கடுக்கா சிமென்ட்ல ஒட்டி வளைச்சு கட்டற குவாஸ்டவினோ முறை, வளைவோட எடைய வளைவே தாங்கிக்கும். ரயில் தொழில காலி பண்ண கார் தொழில்தான் ரயில் ஸ்டேஷனையும் மீட்டுருக்குன்றத எல்லாரும் எழுதிட்டாங்க, நான் அத விட்டுர்றேன்.

எங்க டீம்ல ஒரு பெரியவர் இருக்காரு, ரிட்டயர் ஆகற வயசு, இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அவங்கம்மா எழுபதுகள்ல ஹட்சன்ஸ் கடைல வேலை பாத்தவங்க. நான் ஸ்டேஷன் ஃபோட்டோவ காட்டினப்போ பொறுமையா எல்லாத்தையும் தள்ளிப் பாத்துட்டு அவரு சொன்னது இதுதான்: "யாரும் காப்பாத்தல. இடிக்கக் காசில்ல, அவ்வளவுதான். காசு கெடச்சப்போ எங்க ஆளுங்க எத விட்டு வெச்சாங்க?" சிரிச்சுட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் அது மண்டைல உக்காந்துக்கிச்சு.

காசு கெடச்சப்போ

ஹட்சன்ஸ்னா வெறும் கடை இல்ல, வுட்வர்ட் அவென்யூல ஒரு முழு ப்ளாக்க அடைச்சு நின்ன டிபார்ட்மென்ட் ஸ்டோர், 439 அடி ஒசரம். நம்ம ஊர்ல தீபாவளிக்கு முன்னாடி தி.நகர்ல போய் நிக்கறது எப்படி ஒரு தலைமுறைக்கே சடங்கோ, அதே போல இங்க கிறிஸ்மஸுக்கு ஹட்சன்ஸ். 1983 ஜனவரில மூடினாங்க. பதினஞ்சு வருஷம் காலியா நின்னுச்சு, அதுலயும் திருட்டு, அதுலயும் மழத்தண்ணி, ஆக ஸ்டேஷனுக்கு வந்த அதே வியாதிங்கதான். ஒரே வித்தியாசம், தொண்ணூறுகள் கடைசில ஊருக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு, டவுன்டவுன புதுப்பிக்கணும்னு ஒரு வேகமும் வந்துச்சு. 1998 அக்டோபர் 24 அன்னைக்கு வெடி வெச்சுட்டாங்க. அது வரைக்கும் வெடி வெச்சுச் சாய்ச்சதுலயே ஒசரமான கட்டடம் அதுதான். ஜனங்க கூடி நின்னு பாத்தாங்க, பெரியவரும் அம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தாராம், வெடிக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா கார்ல போயி உக்காந்துட்டாங்களாம். வெடிச்சதுல பக்கத்துல ஓடற பீப்பிள் மூவர் ரயிலோட தூக்குப்பாதையும் அடி வாங்கிடுச்சு, ரொம்ப நாள் அந்தப் பக்கம் ஓடல.

இடிச்சுட்டு என்ன பண்ணாங்க? அடில பார்க்கிங் கட்டினாங்க, மேல காலி மனை. அடுத்து வரப்போற பெரிய கட்டடத்துக்காக வெச்ச இடம்னு சொன்னாங்க, வந்தபாடில்ல. 2017 டிசம்பர்லதான் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டவே ஆரம்பிச்சாங்க. இப்போ அங்க 681 அடில ஒரு டவர் நிக்குது, ஊர்லயே ரெண்டாவது ஒசரம். பேரு என்ன வெச்சாங்க தெரியுமா, ஹட்சன்ஸ் டெட்ராய்ட். கண்ணாடியும் அலுமினியமுமா பளபளன்னு இருக்கு, கெட்ட கட்டடம்னு சொல்லமாட்டேன், ஆனா அத தாண்டிப் போறப்பல்லாம் 1998ல அந்த வெடிக்குக் காசு கெடைக்காம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு நெனப்பு வந்துரும். இன்னும் இருவது வருஷம் அழுக்கா நின்னுருக்கும். அதுக்கப்பறம் எவனோ ஒரு பணக்காரன் வந்து ரிப்பேர் பண்ணி, டிவில எல்லாரும் காப்பாத்திட்டோம்னு சொல்லியிருப்பாங்க. ஸ்டேஷனுக்கு நடந்ததும் அதுதானே.

வாதம் பண்றவங்க உடனே புக் டவர சொல்லுவாங்க, 1926ல கட்டினது, 2009க்கு அப்பறம் காலியா கெடந்தது, 2023ல புதுசாத் திறந்துருக்காங்க. கார்டியன் பில்டிங்க சொல்லுவாங்க, 1929ல கட்டின செங்கல் கோபுரம், உள்ள போயி அந்தக் கலர் டைல்ஸ பாக்கலேன்னா டெட்ராய்டுக்கு வந்ததே வேஸ்ட், அது ஒரு நாளும் விழல, எப்பவும் யாராச்சும் குடியிருந்தாங்க. உண்மைதான். எனக்கும் எல்லாத்தையும் ஒரே சட்டத்துல அடைக்கணும்னு ஆசை இல்ல. ஆனாலும் பெரியவர் சொன்ன கணக்கு பல இடத்துல ஒத்துப்போறத பாத்து எனக்கே கொஞ்சம் பயமா இருந்துச்சு.

பேகிலி அவென்யூ

ஒரு நாள் மத்தியானம் அவரே கூப்பிட்டாரு, வா ஒண்ணு காட்டறேன்னு. அவரோட சிநேகிதர் ஒருத்தருக்கு பேகிலி அவென்யூல மிச்சிகன் பில்டிங்ல ஆபீஸ், அவர் பேர்ல உள்ள விட்டாங்க. வெளிலேர்ந்து பாத்தா சாதாரண பழைய ஆபீஸ் கட்டடம், ஓரமா பார்க்கிங்குக்கு நுழையற கேட்டு. காரோடயே உள்ள போனோம். கான்க்ரீட் தளம், மஞ்சக் கோடு, ஆயில் கறை, வழக்கமா எந்தப் பார்க்கிங்லயும் இருக்கறதுதான். சாய்வுல ஏறி ஏறி மேல்தளத்துக்கு வந்து கார நிறுத்திட்டு கதவத் திறந்து எறங்கி நிமிந்தேன் பாருங்க, தலைக்கு மேல ஒரு அரண்மனையோட விதானம். தங்க வேலப்பாடு, பிளாஸ்டர் பூ, வட்டவட்டமா செதுக்கல், பாதி உதுந்து உள்ள இருக்கற கம்பிவலை தெரியுது, மிச்சம் பாதி அப்படியே இருக்கு. ஒரு பக்கம் மேடை வளைவு. அதுலேர்ந்து கிழிஞ்ச திரைத்துணி இன்னும் தொங்கிட்டிருக்கு. அந்த வளைவுக்குக் கீழ ஒரு டொயோட்டா, ரெண்டு செவர்லே, ஒரு பிக்கப்.

மிச்சிகன் தியேட்டர். 1926ல திறந்தது, 4,000 பேருக்கு மேல உக்காரலாம், சிகாகோவோட ராப் அண்ட் ராப் டிசைன். அந்தக் காலத்துல படம் மட்டும் இல்ல, ஆர்கெஸ்ட்ரா, டான்ஸ், பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து மேடை ஏறின எடம். ஜனம் புறநகருக்குப் போச்சு, டிவி வந்துச்சு, 1967ல சினிமா நின்னுச்சு, எழுபதுகள்ல கொஞ்ச நாள் ராக் கச்சேரி நடந்துச்சு, அதுவும் நின்னுச்சு. இதோட ஒட்டினாப்ல இருக்கற ஆபீஸ் கட்டடத்துல வாடகைக்கு இருந்தவங்க கார் நிறுத்த இடம் வேணும், இல்லேன்னா காலி பண்ணிருவோம்னாங்க. தியேட்டர இடிச்சிடலாம்னு பாத்தாங்க. இஞ்சினியருங்க வேண்டாம்னாங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கட்டினது, இத எடுத்தா அதுவும் நிக்காது. அப்போ என்ன பண்றது? சீட்டு, பால்கனி, படிக்கட்டு எல்லாத்தையும் உடைச்செடுத்துட்டு, வெளிச் சுவரையும் கூரையையும் விட்டுட்டு, நடுவுல மூணு தளத்த, பெரிய பாத்திரத்துக்குள்ள இட்லித் தட்டு அடுக்கறாப்ல அடுக்கிட்டாங்க. எழுபதுகளோட கடைசில நடந்தது. நூத்தி அறுபது கார் போல நிக்கும்.

இன்னொண்ணு. இந்தத் தியேட்டர் கட்டறதுக்கு முன்னாடி இதே மனைல வரிசையா வீடுங்க இருந்துச்சு, அதுல ஒரு வீட்ல 1896ல வாடகைக்கு இருந்தது ஹென்றி ஃபோர்டு. பின்னாடி இருந்த ஷெட்டுலதான் அவரோட மொதல் வண்டிய செஞ்சாரு, சைக்கிள் சக்கரம் நாலு வெச்ச குவாட்ரிசைக்கிள். செஞ்சு முடிச்சப்பறம் பாத்தா வண்டி கதவுல நுழையல, கோடாலி எடுத்து செங்கல் சுவத்த உடைச்சுத்தான் வெளிய கொண்டு வந்தாரு. அதாவது இந்த மனைல கார் பொறந்துச்சு, கார் பொறக்கறதுக்கே ஒரு சுவத்த இடிச்சாங்க, அதுக்கு மேல தியேட்டர் வந்துச்சு, அப்பறம் காருக்காக அந்தத் தியேட்டரோட வயித்த குடைஞ்சாங்க. கதையா எழுதிக் குடுத்தா எடிட்டர் ஓவரா இருக்குன்னு திருப்பி அனுப்பிருவாரு.

நான் ரொம்ப நேரம் அண்ணாந்தே நின்னேன். பெரியவர் கார்ல சாஞ்சு நின்னு என்னையே பாத்துட்டிருந்தாரு. எனக்கு வருத்தம் வரணும்னு எதிர்பாத்தாரோ என்னவோ, வரல. ஸ்டேஷன்ல நின்னப்போ எனக்கு வந்தது பிரமிப்பு, ஒவ்வொரு கல்லும் சுத்தமா, ஒவ்வொரு விளக்கும் எரிஞ்சு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ற ஒரு எடம். இங்க யாரும் எனக்கு எதையும் சொல்லல. இடிக்கவும் முடியல, வெச்சுக்கவும் முடியல, வாடகைக்காரங்க போயிரக் கூடாது, அதுக்கு ஒரு வழி பண்ணாங்க, அவ்வளவுதான், யாரும் பாரம்பரியத்துக்காக ஒரு சென்ட் செலவழிக்கல. ஆனா இந்த ஊருக்கு நூறு வருஷத்துல என்னென்ன நடந்துச்சோ அது மொத்தமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு. அத பாலிஷ் போட்டுட்டா போயிடும். அந்த நிமிஷத்துல எனக்கு பெரியவர் சொன்ன வாக்கியத்தோட பாதி புரிஞ்சுது. காசில்லாமைதான் இங்க பாதுகாவலர், ஆனா அவர் அத ஒரு குத்தமா சொன்னாரு, எனக்கு அது அதிர்ஷ்டமா தெரிஞ்சுது.

மறுபாதி திரும்பி வர்றப்போ கார்ல புரிஞ்சுது, அது நான் எதிர்பாக்காத பக்கத்துலேர்ந்து வந்துச்சு.

வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல

ஐ-375 மேல வந்துட்டிருந்தோம். ஒரு மைல் நீளம்தான் இருக்கும், பள்ளத்துல எறங்கி ஓடற சின்ன ஃப்ரீவே. ஏழை ஊர்ல கட்டடம் தப்பிக்குதுன்ற என் புது தத்துவத்த நான் ஆர்வமா சொல்லிட்டு வந்தேன். அவரு ஸ்டியரிங்லேர்ந்து ஒரு கைய எடுத்து ரோட்டக் காட்டி, எங்க பாட்டி வீடு இங்கதான் இருந்துச்சுன்னாரு. இங்கன்னா ரோட்டோரத்துல இல்ல, ரோட்டுக்கு மேல, காத்துல. பிளாக் பாட்டம், பேரடைஸ் வேலின்னு கறுப்பின மக்கள் குடியிருப்பு, வேற எங்கயும் அவங்களுக்கு வீடு குடுக்காத காலத்துல அடைஞ்சடைஞ்சு வாழ்ந்த எடம், கடை, சர்ச், ஜாஸ் க்ளப், டாக்டர், எல்லாம் அதுக்குள்ளயே. அம்பதுகள்ல சேரி ஒழிப்புன்னு சொல்லி தரைமட்டம் ஆக்கினாங்க, ஒரு பகுதில இந்த ஃப்ரீவே 1964ல திறந்துச்சு, இன்னொரு பகுதில மீஸ் வான் டெர் ரோ டிசைன் பண்ண லஃபாயெட் பார்க் வந்துச்சு. லஃபாயெட் பார்க்க நான் முன்னாடியே பாத்துருக்கேன், மரத்துக்கு நடுவுல கண்ணாடி வீடு வரிசை, ரொம்ப அழகு, உலகத்துல அவரு கட்டினதுலயே ஒரே எடத்துல நெறைய இருக்கறது இங்கதான்னு பெருமையா சொல்லுவாங்க. கீழ என்ன இருந்துச்சுன்னு யாரும் எனக்கு சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

இடிச்ச அந்த அம்பதுகள் ஊர் பணக்கார ஊரா இருந்த காலம். 1950ல இங்க 18 லட்சத்துக்கு மேல ஜனம், 2020 கணக்குப்படி 6 லட்சத்து 39 ஆயிரம். சரி, அப்போ காசிருந்துச்சு இடிச்சாங்க, தத்துவம் ஒத்துப்போகுதேன்னு நீங்க சொல்லலாம், நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் சமாளிக்கப் பாத்தேன். ஆனா திவாலுக்கு அப்பறம் பாருங்க. ஸ்டேஷன இடிக்கக் காசில்லாத அதே ஊர்ல, வீடுங்கள இடிக்க எப்பவும் எங்கேர்ந்தோ காசு வந்துட்டுத்தான் இருந்துச்சு. கடன் கட்ட முடியாம வீட்ட இழக்கறவங்களுக்குன்னு மத்திய அரசு ஒதுக்கின பணத்துல ஒரு பெரிய பங்கு காலி வீடுங்கள இடிக்கப் போச்சு. 2020 நவம்பர்ல ஊர் ஜனமே ஓட்டுப் போட்டு 25 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு சரின்னாங்க, இடிக்கறதுக்கும் பழுது பாக்கறதுக்கும் சேத்து. ஆயிரக்கணக்குல வீடு போயிருக்கு. பக்கத்துல நெருப்பு வெச்ச காலி வீடு இருக்கற தெருவுல கொழந்தைய வளக்கறவங்க கிட்ட போயி பாரம்பரியம்னு பேச முடியாது, அது எனக்குத் தெரியுது. அந்த வீடுங்களுக்காக யாரும் டூர் வர மாட்டாங்க. இந்த ஊர்ல கைவிடறதே காப்பாத்தின கதையா மாறணும்னா, கட்டடம் பெருசா இருக்கணும், இடிக்கறது கஷ்டமா இருக்கணும், பேர் சொல்ற ஆர்க்கிடெக்ட் கட்டியிருக்கணும். பாட்டி வீட்டுக்கு இதுல எதுவும் இல்ல.

பேக்கார்ட் ப்ளாண்ட் கதையும் இதோட சேந்ததுதான். ஆல்பர்ட் கான் கட்டின கார் ஃபேக்டரி, 35 லட்சம் சதுர அடி. அங்கதான் 1905 வாக்குல இரும்புக்கம்பி போட்ட கான்க்ரீட்ல ஒரு கட்டடம் எழுப்பி, தூண தள்ளித் தள்ளி வெச்சு, சுவத்துக்குப் பதிலா ஜன்னலா வெச்சு, ஃபேக்டரின்னா இப்படித்தான் இருக்கும்னு உலகத்துக்கே காட்டினாங்க. அவரோட கம்பெனி பின்னாடி சோவியத் யூனியனுக்குப் போயி நூத்துக்கணக்குல ஃபேக்டரி டிசைன் பண்ணிக் குடுத்துச்சு. நான் பொழைக்கற தொழிலுக்கு உருவம் குடுத்த மனுஷன். அம்பதுகள்ல கார் உற்பத்தி நின்ன எடம், அறுவது வருஷத்துக்கு மேல பெரும்பாலும் தன்னால விழாம நின்னுச்சு, கடைசில 2022ல மெஷின் வந்து, 2024 முடியறப்போ கிட்டத்தட்ட காலி. அதே வருஷம்தான் ஸ்டேஷன் திறந்துச்சு. ஒண்ணுக்கு கச்சேரி வெச்சாங்க, ஒண்ணுக்கு லாரி வந்துச்சு.

இப்போ ரென்சென்

இதெல்லாம் ஏன் இப்போ எழுதறேன்னா அடுத்த விவாதம் வந்தாச்சு. ஆத்தங்கரைல நிக்கற ரெனசான்ஸ் சென்டர், இங்க எல்லாரும் ரென்சென்னு சொல்றது, ஃபோர்டோட பேரன் ரெண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்ன நின்னு, ஜான் போர்ட்மேன் டிசைன்ல 1977ல திறந்தது. நடுவுல 73 மாடி ஹோட்டல், 727 அடி, சுத்தி ஆபீஸ் டவருங்க. 1967 கலவரத்துக்கு அப்பறம் ஊர மறுபடி எழுப்பறோம்னு கட்டினது, ஆனா ஊரப் பாத்து கான்க்ரீட் மதில கட்டிட்டு முதுகக் காட்டி உக்காந்துச்சு, அந்த மதில பின்னாடிதான் எடுத்தாங்க. உள்ள போனா வழி தெரியாது, வட்டமா சுத்திட்டே இருப்போம், ஃபுட் கோர்ட் எந்தத் தளம்னு கேட்டா செக்யூரிட்டியே யோசிப்பாரு. 1996ல ஜெனரல் மோட்டார்ஸ், அதான் ஜிஎம், வாங்கி தலைமை ஆபீசா வெச்சுக்கிச்சு. 2024ல ஜிஎம் ஹட்சன்ஸ் டவருக்கு மாறறோம்னு அறிவிச்சாங்க, அதே வருஷம் நவம்பர்ல ஆத்துப் பக்கம் இருக்கற ரெண்டு டவர இடிச்சு, கரைய ஜனங்களுக்குத் திறந்து விடற திட்டத்த வெளியிட்டாங்க, மொத்தம் 160 கோடி டாலர், அதுல ஒரு பங்கு அரசாங்கப் பணம்.

எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கவே பிடிக்காது. ஆனா அந்தச் செய்திய படிச்ச அன்னைலேர்ந்து இடிக்க வேணாம்னு வாதாடிட்டிருக்கேன், வீட்ல கூட சிரிக்கறாங்க. ஹட்சன்ஸும் அசிங்கமாத்தான் இருந்துச்சு இடிச்சப்போ, ஸ்டேஷனும் அசிங்கமாத்தான் இருந்துச்சு தீர்மானம் போட்டப்போ. அம்பது வயசுல எந்தக் கட்டடம் அழகா இருந்துருக்கு? ரெண்டு டவர மூடி வெச்சுட்டு பூட்டுப் போடுங்க, இருவது வருஷம் கழிச்சு வர்றவன் பாத்துப்பான், அதுல வீடு கட்டுவானோ வெங்காயம் வளப்பானோ. நல்ல திட்டம் கூட இல்ல இது, தெரியும்.

பெரியவர் கிட்ட இத சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல. ரெண்டு பத்தாது, எல்லாத்தையும் இடிக்கணும்னாரு. சின்ன வயசுல அந்த ஆத்தங்கரைல கிடங்கும் தண்டவாளமுமா இருந்துச்சாம், அப்பறம் இந்த மதில் வந்துச்சாம், வாழ்க்கை பூரா டவுன்டவுன்ல நின்னு ஆத்த நேராப் பாத்ததில்லையாம். "உனக்குக் கட்டடம் வேணும், எனக்கு ஆறு வேணும்"னாரு. அரசாங்கக் காசு எதுக்கு, அந்தக் காச தெருவுக்குப் போடலாமேன்னு நான் மடக்கப் பாத்தேன், அது ஞாயம்தான்னு ஒத்துக்கிட்டாரு, ஆனா இடிக்கறது இடிக்கறதுதான்னாரு. லஞ்ச் டைம் முடிஞ்சும் பேசிட்டிருந்தோம், முடியல, அடுத்த வாரமும் பேசினோம்.